ஏரியிலிருந்து தெருக்குழாய் வரை: சென்னைக் குடிநீரின் வழித்தடத்தில் ஒரு வாரம்

திங்கள் – கீழ்ப்பாக்கம்

சென்னையின் குடிநீர்ச் சுத்திகரிப்பு எங்கே பிறந்ததோ அந்த இடத்திலிருந்து புறப்பட வேண்டும் என்பதால் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கு முதலில் வந்தேன். வளாகத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுபவை சிவப்புச் செங்கல் கட்டடங்களும் வரிசை வரிசையான வடிகட்டித் தொட்டிகளும்தான். வெளியே சாலையில் பேருந்துகளின் இரைச்சல் ஓயவில்லை. உள்ளே நீர் நகரும் ஒலி மட்டும் தொடர்ந்து கேட்கிறது.

இந்த இடத்தின் அருமை புரிய வேண்டுமானால் இதற்கு முன் இருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1772-இல் கேப்டன் பேக்கரின் ஏழு கிணறு திட்டம் கோட்டைக்குத் தண்ணீர் தந்தது. ஊர் மக்களோ தத்தம் கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்தார்கள். ஃபிரேசர் என்ற பொறியாளர் 1866-இல் முன்மொழிந்த திட்டம் 1872-இல் நிறைவேறியது. கொசஸ்தலையாற்று நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்டு, சோழவரம் வழியாகச் செங்குன்றம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கத்தை அடைந்தது. குழாய் வழியாக வீதிகளுக்குத் தண்ணீர் கிடைத்ததில் மக்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அது ஏரியில் இருந்தபடியே, ஒரு வடிகட்டியைக்கூடப் பார்க்காமல் வந்த தண்ணீர். வழிநெடுகக் கால்வாயில் விழுந்ததெல்லாம் குழாயிலும் வந்தது. காலராவும் வயிற்றுப்போக்கும் பரவிய நகரத்தில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாநகராட்சியின் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி செய்தது இரண்டு காரியங்கள். முதலாவது, திறந்த கால்வாய்க்குப் பதிலாகச் செங்குன்றத்திலிருந்து மூடிய செங்கற் கால்வாய் கட்டியது. இரண்டாவது, 1914-இல் இங்கே மெது மணல் வடிகட்டிகளை இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. வடிகட்டியைப் பற்றிப் பேசுவோர் பலர் முதலாவதை மறந்துவிடுகிறார்கள். வடிகட்டிக்கு வரும் முன்பே தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொள்வதும் சுத்திகரிப்பின் பகுதிதான் என்பதை மேட்லி நன்றாக அறிந்திருந்தார்.

மெது மணல் வடிகட்டியில் தண்ணீர் மணிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழமே இறங்கும். மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் சேர்ந்து மெல்லிய ஏடு ஒன்று உருவாகிறது. நோய்க்கிருமிகளைப் பிடித்து அழிப்பது பெரும்பாலும் அந்த ஏடுதான். வேதிப்பொருள் அதிகம் தேவையில்லை, இடம் மட்டும் நிறையத் தேவை. மக்கள்தொகை பெருகியபோது இடம் போதவில்லை. மணிக்கு 5 மீட்டர் அளவில் நீரை இறக்கும் வேக மணல் வடிகட்டிகள் பின்னர் சேர்ந்தன. இன்று இந்த நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 27 கோடி லிட்டர், அதாவது 270 எம்.எல்.டி.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர்களுடன் வில்லிவாக்கத்துக்கு வந்த ரயிலின் தண்ணீரும் இந்த நிலையத்துக்குத்தான் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். சாதாரண நாட்களில் நகரத்துக்கு வழங்கப்பட்டது நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தால், அந்தக் கோடையில் நகரம் எந்த விளிம்பில் நின்றது என்பது தெரியும்.

செவ்வாய் – புழல்

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் புழல் ஏரி, அதாவது செங்குன்றம் ஏரி, பாதிக்கு மேல் நிரம்பி, கரையோரம் செம்மண் நிறமாகவும் நடுவில் சாம்பல் நிறமாகவும் கிடந்தது. முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஏரிக்குள் நிற்கும் ஜோன்ஸ் கோபுரம் பழைய காலத்து நீரெடுப்புக் கட்டடம். கரையில் நடந்து போகிறவர்கள் அதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏரியை ஒட்டிய 300 எம்.எல்.டி. சுத்திகரிப்பு நிலையம் 1996-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டில்தான் கிருஷ்ணா நீர் முதன்முதலாகச் சென்னையை எட்டியது. 1983-இல் ஆந்திரத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தமிழகத்துக்கு ஆண்டுக்கு 12 டி.எம்.சி., அதாவது 12,000 மில்லியன் கன அடி; ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரி வரை கால்வாயின் நீளம் 177 கிலோமீட்டர். அந்தக் கால்வாய்க் கரைகள் பின்னர் சத்ய சாயி அறக்கட்டளையின் நிதியில் சீரமைக்கப்பட்டன. மண் கரை இடிந்து விழும் கால்வாயில் வரும் நீர் கலங்கியும் குறைந்தும்தான் வரும் என்பதால், அந்தப் பணியையும் நான் சுத்திகரிப்பு மேம்பாட்டுக் கணக்கிலேயே சேர்ப்பேன்.

இங்குள்ள ஆய்வகத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்று பார்த்தது ஜார் டெஸ்ட். ஒரு மேசை, அதன் மேல் ஒரு லிட்டர் அளவுள்ள ஆறு கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு துடுப்பு. ஆறிலும் அன்று காலை எடுத்த ஏரி நீர். பால் ஊற்றாத டீயைப் போன்ற நிறம். வேதியியலாளர் அம்மா ஒவ்வொரு குவளையிலும் படிகாரக் கரைசலை வெவ்வேறு அளவில் ஊற்றினார். முதலில் ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு இருபது நிமிடம் மிக மெதுவாகவும் துடுப்புகள் சுழன்றன. முதல் குவளையில் ஒன்றும் நிகழவில்லை. மூன்றாவதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் புள்ளிகள் தோன்றின; பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுத் துணுக்குகளாக வளர்ந்தன. சுழற்சியை நிறுத்தியதும் துணுக்குகள் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நின்றது.

“நாலாவதும் அஞ்சாவதும் ஒரே தெளிவா இருந்தா நாலாவதைத்தான் எடுத்துக்குவோம் சார். படிகாரம் கூடிப்போனா தண்ணியில அலுமினியம் மிஞ்சும், பி.எச். இறங்கும். மழை நாள்ல காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு,” என்றார் அவர்.

கோடிக்கணக்கான லிட்டர் நீருக்கு எவ்வளவு படிகாரம் கலக்க வேண்டும் என்பதை இந்த ஆறு குவளைகள் தீர்மானிக்கின்றன. நிலையங்களை நவீனப்படுத்துவது என்றால் புதிய இயந்திரங்கள் வாங்குவது என்றே பேசப்படுகிறது. கலங்கலைத் தொடர்ந்து அளக்கும் உணரிகளும் தானாக அளவை மாற்றும் பம்புகளும் வேண்டியவைதான். ஆனால் அந்த உணரி சொல்வது சரிதானா என்று குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆட்களை வைத்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதன் – செம்பரம்பாக்கம்

நகரத்தின் மிகப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் இதுதான்: 530 எம்.எல்.டி., 2007-இல் திறக்கப்பட்டது. ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு ஆழம் 24 அடி. சென்னைக்காரர்களுக்கு இந்த ஏரியின் பெயரைக் கேட்டால் குடிநீருக்கு முன் 2015 டிசம்பர்தான் நினைவுக்கு வருகிறது. அன்று இங்கிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு நான்கே ஆண்டுகளில், 2019 ஜூனில், இதே ஏரி தரை வெடித்துக் கிடந்தது. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைக்கிறவர் இந்த இரண்டு நிலைகளுக்கும் சேர்த்தே வடிவமைக்க வேண்டியிருக்கிறது.

நீர் முதலில் படிகளில் வழிந்து காற்றோடு கலக்கிறது. கரைந்துள்ள இரும்பும் துர்நாற்றமும் ஓரளவு அங்கேயே குறைகின்றன. பிறகு படிகாரம், பிறகு தெளிவிப்புத் தொட்டி, பிறகு மணல் வடிகட்டி, இறுதியில் குளோரின். புத்தகத்தில் படித்த வரிசைதான். நேரில் பார்க்கும்போது ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் தவறைத் தன் தலையில் சுமக்கிறது என்பது புரிகிறது. தெளிவிப்புத் தொட்டியில் துணுக்குகள் சரியாகப் படியாவிட்டால் அவை வடிகட்டியை அடைக்கும். வடிகட்டி கலங்கலை விட்டுவிட்டால் கிருமிகள் அந்தத் துகள்களுக்குள் ஒளிந்து குளோரினிடமிருந்து தப்பும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, கலங்கல் 1 அலகுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது என்று 2012-இல் வரையறுத்ததற்குக் காரணம் பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதன்று. கிருமிநாசினி தன் வேலையைச் செய்ய வேண்டும் என்பதே.

வடிகட்டி ஒன்றைக் கழுவுவதைக் காட்டினார்கள். உள்ளே வரும் மதகை மூடி, நீர்மட்டம் இறங்கியதும் அடியிலிருந்து காற்றைச் செலுத்தினார்கள். மணற்பரப்பு முழுவதும் கொதிப்பது போலக் குமிழிகள் எழுந்தன. அதன் பின் சுத்தமான நீர் கீழிருந்து மேலாகப் பாய்ந்தது. அதுவரை தெளிந்து நின்ற தொட்டி நொடியில் காபி நிறமாகி, ஓரத்து வடிகால்களில் சேறாக வழிந்து, சில நிமிடங்களில் மறுபடியும் வெளுத்தது. நீண்ட காலம் இங்கே வேலை பார்க்கும் ஊழியர் ஒருவர், “தம்பி, சேறு எவ்வளவு வருதுன்னு பாத்தா ஏரி எப்படி இருக்குன்னு சொல்லிடலாம். போர்டு பாக்கவே வேணாம்,” என்றார்.

இதில் ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த வகை நிலையம் கலங்கலையும் கிருமிகளையும் நீக்க வடிவமைக்கப்பட்டது. கரைந்த உப்பு, தொழிற்சாலைக் கழிவிலிருந்து வரும் உலோகங்கள், பூச்சிமருந்தின் எச்சம் ஆகியவற்றில் பெரும்பகுதி இதன் மணலைக் கடந்து போய்விடும். 2017, 2019 வறட்சிகளில் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரை இங்கே கொண்டுவந்து சுத்திகரித்தார்கள். அந்த நீரை ஆய்வகத்தில் பலமுறை சோதித்த பிறகே எடுத்தார்கள் என்பது இந்த வரம்பை அறிந்து செய்த காரியம்.

ஏரிக்குள் வீட்டுக் கழிவுநீர் கலந்தால் நிகழ்வது இன்னும் சிக்கலானது. கழிவுநீரில் வரும் அம்மோனியா, போடும் குளோரினை முதலில் தானே தின்றுவிடுகிறது. மிச்சம் நிற்க வேண்டுமானால் பல மடங்கு குளோரின் போட வேண்டும். போட்டால், அழுகிய இலைதழைகளின் கரிமப் பொருட்களோடு அது வினைபுரிந்து ட்ரைஹாலோமீத்தேன் என்னும் துணைப்பொருட்களை உண்டாக்குகிறது. அவையும் உடலுக்கு நல்லவையல்ல. ஏரியைச் சுற்றி இப்போது எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்டேன். அவற்றுக்கு முறையான பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுப்பதை எந்த அரசுக் கோப்பும் குடிநீர்ச் சுத்திகரிப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதாது. எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏரி கெட்ட பிறகு ஓசோன், கரித்தூள் வடிகட்டி, சவ்வு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் பணமும் மின்சாரமும் ஆகும், அந்தச் செலவு ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வரும்.

வியாழன் – சேத்தியாத்தோப்பு, வடக்குத்து

சென்னையின் குடிநீரைப் பார்க்கக் கடலூர் மாவட்டம் வரை வர வேண்டியிருக்கிறது. மேட்டூரில் திறந்த காவிரி நீர் கொள்ளிடத்தில் இறங்கி, கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக வீராணம் ஏரியை அடைகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி. கரையில் நின்றால் மறுமுனை தெரியாது. ஒரு பக்கம் நெல் வயல்கள், மறுபக்கம் நீர்.

1960-களின் இறுதியில் தொடங்கிய வீராணம் திட்டம் பாதியில் கைவிடப்பட்டது. பெரிய கான்கிரீட் குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரங்களில் கிடந்தன. இப்போது இயங்கும் புதிய திட்டம் 2004-இல் நிறைவேறியது. சேத்தியாத்தோப்பில் எடுக்கும் நீர் 20 கிலோமீட்டர் தொலைவில் நெய்வேலிக்கு அருகேயுள்ள வடக்குத்துக்கு வந்து, 180 எம்.எல்.டி. நிலையத்தில் சுத்தமாகி, காடாம்புலியூர் மேட்டுக்கு ஏற்றப்படுகிறது. அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரம், போரூர் வரை, பெரும்பாலும் தன் எடையாலேயே ஓடுகிறது.

இத்தனை நெடிய குழாயில் பயணம் செய்யும் நீருக்குக் குளோரின் கடைசிவரை மிஞ்ச வேண்டும் என்பதால், வடக்குத்தில் போடும் அளவோடு வேலை முடிவதில்லை. சென்னையில் பகிர்மான நிலையத்தில் மறுபடியும் சோதித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வயலுக்குப் போகும் நீரில்தான் நகரம் பங்கு கேட்கிறது என்பதை வீராணம் கரையில் நிற்கும்போது மறக்க முடியவில்லை. டீக்கடையில் பேசிய விவசாயி ஒருவர், “மெட்ராஸுக்குக் குடிக்கக் குடுக்கறதுல எங்களுக்கு வருத்தமில்லீங்க, வீணடிக்காம குடிச்சா போதும்,” என்றார். அவருக்குப் பதில் சொல்லும் தகுதி நகரத்துக்கு வர வேண்டுமானால், நகரக் குழாய்களின் கசிவு நிற்க வேண்டும்.

வெள்ளி – நெம்மேலி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் மாமல்லபுரத்துக்கு முன்பே இந்த வளாகத்தைக் கடக்கிறார்கள். 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2013-இல் இங்கே 10 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் இங்கேயே மேலும் 15 கோடி லிட்டர் என்று கடல்நீரைக் குடிநீராக்கும் திறன் கூடியிருக்கிறது. பக்கத்தில் பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஏரி நீரில் கரைந்த உப்பு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். கடல்நீரில் 35,000-க்கும் மேல். மணலால் இதைத் தொடக்கூட முடியாது. புதிய நிலையத்தில் கடல்நீர் முதலில் தெளிவிக்கப்பட்டு, நுண்காற்றுக் குமிழிகளால் பாசியும் எண்ணெய்ப் பசையும் மேலே மிதக்கவைத்து அகற்றப்பட்டு, நுண்வடிகட்டிச் சவ்வுகளைக் கடந்து, அதன் பிறகே எதிர்ச் சவ்வூடுபரவலுக்கு, எல்லாரும் ஆர்.ஓ. என்று சொல்வதற்கு, வருகிறது. மழைக்காலத்தில் கடல் கலங்கும்போதும் பாசி பெருகும்போதும் சவ்வுகள் அடைபடாமல் காப்பது இந்த முன்கட்டங்கள்தான்.

ஆர்.ஓ. கூடத்துக்குள் காதை மூடிக்கொண்டுதான் நிற்க முடிந்தது. 60 மடங்கு வளிமண்டல அழுத்தம் அளவில் பம்புகள் கடலை நெருக்குகின்றன. வெளியே வரும் நீரில் உப்பு மட்டுமின்றி உடலுக்கு வேண்டிய கால்சியமும் போய்விடுவதால் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேர்த்துக் கடினத்தன்மையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்த நீர் குழாய்களையே அரிக்கும்.

மழை பொய்த்தாலும் கடல் வற்றாது என்பது இந்த நிலையங்களின் பெரும் பலம். வேளச்சேரிக்கும் மடிப்பாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் இது உயிர்நாடி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் ஆகும் முறை இது. எடுத்த நீரில் பாதிக்கு மேல் இருமடங்கு உப்போடு கடலுக்கே திரும்புகிறது. அது எங்கே, எப்படிக் கலக்கிறது என்பதைக் கரையோர மீனவர்கள் கேட்பது நியாயம். இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற நீரைக் கசியும் குழாயில் ஊற்றுவதை நினைத்தால் மனம் ஆறவில்லை. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து, தலா 45 எம்.எல்.டி. அளவில் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்களே, அந்த வழி எனக்கு இன்னும் உவப்பானது. தொழிற்சாலை விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு லிட்டர் நல்ல நீரும் வீடுகளுக்கு மிஞ்சுகிறது.

சனி – வடசென்னை

கடைசி இடமாக நான் தேர்ந்தது ஒரு தெரு. காலை ஆறு மணிக்கு முன்பே வீட்டு வாசல்களில் அடிபம்புகளின் ஓசை கேட்டது. தண்ணீர் விடும் நேரம். பச்சை, மஞ்சள், நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. பம்பை அடித்துக்கொண்டிருந்த அக்கா, முதலில் வந்த இரண்டு குடம் நீரைச் சாக்கடையில் கொட்டினார். கேட்டேன். “முதல் தண்ணி வாடை அடிக்கும்ண்ணே. ரெண்டு குடம் போனாத்தான் நல்ல தண்ணி,” என்றார்.

அந்த இரண்டு குடங்களுக்குள்தான் இந்த வாரம் பார்த்ததன் விடை இருக்கிறது. குழாயில் நாள் முழுவதும் அழுத்தத்தோடு நீர் நின்றால், விரிசல் வழியாக நீர் வெளியே கசியுமே தவிர வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. சில மணி நேரம் மட்டும் நீர் விட்டு நிறுத்தும்போது குழாய் காலியாகிறது. காலியான குழாய் சுற்றிலும் உள்ள மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய் ஓடும் குறுகிய தெருக்களில் அந்த ஈரம் எத்தகையது என்று சொல்லத் தேவையில்லை. அடிபம்பும் மோட்டாரும் குழாயிலிருந்து நேரடியாக இழுக்கும்போது உறிஞ்சல் இன்னும் கூடுகிறது. வடசென்னையில் நூற்றாண்டைக் கடந்த வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. ஆறு குவளைகளை வைத்து அளந்து, மணலில் இறக்கி, குளோரின் போட்டு அனுப்பிய நீர், கடைசி நூறு மீட்டரில் இந்தக் கதிக்கு ஆளாகிறது.

என்னிடம் ஒரு குளோரோஸ்கோப் இருந்தது. சின்னக் கண்ணாடிக் குழாயில் நீரைப் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால், எஞ்சிய குளோரினின் அளவுக்கு ஏற்ப மஞ்சள் நிறம் வரும். தெருமுனையில், பெரிய குழாயை ஒட்டிய வீட்டு நீரில் தெளிவான மஞ்சள். தெருவின் கடைசி வீட்டில் முதல் குடத்து நீரில் நிறமே வரவில்லை; நான்காவது குடத்தில் மெல்ல வந்தது. தரநிலை கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். சுற்றி நின்ற பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து சோதிக்கச் சொன்னார்கள். நிறம் வந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரே பெருமை.

24 மணி நேரமும் நீர் விடுவது நம் நாட்டில் நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு ஒடிசாவின் பூரி நகரத்தைக் காட்டலாம். 2021-இலிருந்து அங்கே குழாயைத் திறந்து நேராகக் குடிக்கலாம் என்று அறிவித்துச் செயல்படுத்துகிறார்கள். பூரி சிறிய நகரம்; சென்னையை ஒரே நாளில் அப்படி மாற்ற இயலாது. ஆனால் ஒரு வார்டை எடுத்துக்கொண்டு, பழைய குழாய்களை மாற்றி, மீட்டர் பொருத்தி, கழிவுநீர்க் குழாயிலிருந்து உரிய இடைவெளி விட்டு, இரவும் பகலும் அழுத்தம் குறையாமல் வைத்துக் காட்ட முடியும். அடுத்த நிலையத்துக்கான மதிப்பீட்டைத் தயாரிக்கும்போதே அந்த நீர் போய்ச் சேரும் வார்டின் குழாய்களுக்கான செலவையும் அதே கோப்பில் சேர்த்து எழுதினால், அந்தத் தெருவில் யாரும் இரண்டு குடம் நீரைக் கொட்ட வேண்டியிருக்காது.